புரியாமல் சொன்ன ‘ஆமா’: குற்ற ஒப்புதலை எதிர்க்க எந்த வழி?

மனநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் மாஜிஸ்திரேட் முன்னால் நின்று குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். அன்றைக்கே தண்டனை. தகவல் கிடைத்து அம்மாவோ அண்ணனோ எழும்பூருக்கு ஓடிவருவதற்குள் தீர்ப்பில் கையெழுத்து விழுந்துவிடுகிறது. “என்ன கேட்டாங்கன்னே அவனுக்குத் தெரியாது சார். இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதா?” வழக்கறிஞராக நான் திரும்பத் திரும்ப எதிர்கொள்ளும் கேள்வி இது. பண்ண முடியும். ஆனால் சட்டத்தில் இருக்கும் வழிகள் எல்லாம் ஒரே இடத்தில் போய்ச் சேர்வதில்லை. ஒரு வழி தண்டனையை மட்டும் குறைக்கும். இன்னொன்று தீர்ப்பையே ரத்து செய்யும். வேறொன்று, கவனமில்லாமல் போனால், வீட்டுக்குப் பதிலாக நீண்ட காலக் காவலில் கொண்டுபோய் விடும். ஒன்றில் நுழைந்த பிறகு மற்றது அடைபட்டுப் போவதும் உண்டு. அதனால்தான் மனு எழுதுவதற்கு முன்பே இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

பேச்சுக்கு ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். நான் பார்த்த சிலவற்றின் சாயல் இதில் உண்டு. வியாசர்பாடிப் பையன், ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு இருக்கிறது. மாத்திரையை நிறுத்திச் சில வாரம் ஆகிறது. டீக்கடை வாசலில் சாவியோடு நின்ற பழைய மொபெட்டை எடுத்துக்கொண்டு போகிறான். இரண்டு தெரு தள்ளி ஒரு கோயில் வாசலில் நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். கைது, ரிமாண்ட், புழல். அடுத்தடுத்த வாய்தாக்களில் ஒன்றில் யாரோ காதில் ஓதுகிறார்கள்: “ஒத்துக்கோ தம்பி, உள்ளே இருந்த நாளைக் கழிச்சு இன்னைக்கே அனுப்பிடுவாங்க.” மாஜிஸ்திரேட் கேட்கிறார்: “வண்டியை எடுத்தியா?” அவன் சொல்கிறான்: “ஆமா. அவங்க எடுத்துட்டு வரச் சொன்னாங்க.” அந்த ‘அவங்க’ யார் என்று யாரும் கேட்கவில்லை. வழக்குக் கட்டில் ஒரே வரி ஏறுகிறது: எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அந்த ஒரு வரிக்கும் அவன் உண்மையில் சொன்னதற்கும் நடுவில்தான் முழு வழக்கும் இருக்கிறது. நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்தால்தான் சட்டத்தில் அது திருட்டு. ‘அவங்க சொன்னாங்க, எடுத்தேன்’ என்பது குற்றத்தை ஒப்புக்கொண்டதே ஆகாது. நோயின் குரல் அது.

வழிகளுக்குள் போகும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். வீட்டார் மட்டுமல்ல, சில வழக்கறிஞர்களும் இதில் தடுமாறுகிறார்கள். சம்பவம் நடந்தபோது மனநிலை எப்படி இருந்தது என்பது ஒரு கேள்வி. அது பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) என்ற புதிய குற்றச் சட்டத்தின் 22-வது பிரிவு, பழைய இ.பி.கோ.வின் 84. குற்றத்திலிருந்தே விடுவிக்கும் வாதம் அது. நிரூபிக்கும் பொறுப்பு நம் பக்கம். கோர்ட்டில் நின்று பதில் சொன்ன அன்று மனநிலை எப்படி இருந்தது என்பது வேறொரு கேள்வி. என்ன குற்றச்சாட்டு, ஒத்துக்கொண்டால் என்ன ஆகும், வக்கீலிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குப் பிடிபட்டதா என்பது அது. பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 367, 368 பிரிவுகள் இதற்கானவை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 328, 329. ஒப்புதலை எதிர்ப்பதற்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம். சம்பவ நாளைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, ஒப்புதல் கொடுத்த நாளைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத மனுக்கள் தோற்றுப்போவதில் ஆச்சரியமில்லை.

இன்னொன்று. மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம், மனிதரின் கௌரவத்தைக் காக்கிற சட்டம். ஆனால் நம் வாதத்துக்கு அது ஒரு எச்சரிக்கையும்கூட. ஓ.பி. சீட்டை நீட்டினால் மட்டும் போதாது, அன்றைய நிலையைக் காட்ட வேண்டும்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை என்றால் நிலைமை எவ்வளவோ மேல். ஒப்புதலைப் பதிவு செய்துவிட்டு, தண்டனைக்கு வேறு நாள் குறித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே, அதே மாஜிஸ்திரேட்டிடமே 368-ன் கீழ் மனு போட வேண்டும். ஒப்புதலின் பேரில் தண்டிக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. தண்டித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. எதிரிக்குத் தன் தரப்பை நடத்தும் சக்தி இல்லை என்று கோர்ட்டுக்குத் தோன்றினால் முதலில் அந்த விஷயத்தைத்தான் விசாரிக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. அரசுத் தரப்பு கொடுத்த சாட்சியப் பதிவுகளை வைத்துப் பார்த்தாலே வழக்கில் முகாந்திரம் இல்லை என்றால், எதிரியைக் கேள்வியே கேட்காமல் விடுவிக்கவும் இடமிருக்கிறது.

தீர்ப்பில் கையெழுத்து விழுந்த பிறகு இந்த வாசல் மூடிக்கொள்கிறது. எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர வேறெதையும் அதே கோர்ட் மாற்ற முடியாது என்று பி.என்.எஸ்.எஸ். பிரிவு 403 தடுக்கிறது. “அதே ஜட்ஜ்கிட்ட போய்ச் சொன்னா வாபஸ் வாங்கிக்குவார்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வீணாகும் நாட்கள் காலக்கெடுவில் கழியும்.

இனி எல்லாரும் முதலில் நினைக்கும் அப்பீல். ஒப்புதலின் பேரில் தண்டனை என்றால் அப்பீல் கிடையாது. தண்டனையின் அளவு, அது சட்டப்படியானதா என்பவற்றை மட்டும் கேட்கலாம். பி.என்.எஸ்.எஸ். பிரிவு 416 இதைத் தெளிவாகச் சொல்கிறது. ‘ஒப்புதலே செல்லாதபோது இந்தத் தடை எப்படிப் பொருந்தும்’ என்று வாதாட இடம் உண்டுதான். ஆனால் அந்த வாதத்தை நம்பி முதல் அடி வைப்பது வீண் சுற்று என்பது என் கருத்து.

அதற்காக அப்பீலை ஒதுக்கிவிடவும் கூடாது. தண்டனையைப் பற்றி மட்டும் அப்பீல் போனாலும், 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் பலனை, அதாவது சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுவதை, செஷன்ஸ் கோர்ட்டே கொடுக்கலாம். அச்சட்டத்தின் 11-வது பிரிவு அதற்கு அதிகாரம் தருகிறது. முதல் முறைத் திருட்டு வழக்கில் எச்சரித்து விடுவதற்கும் வழி இருக்கிறது. அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்று 12-வது பிரிவு சொல்கிறது. ‘கேஸைத் திரும்ப நடத்தத் தெம்பு இல்லை, வேலைக்கு இடைஞ்சல் வராமல் இருந்தால் போதும்’ என்கிற குடும்பத்துக்கு இது கௌரவமான வழி. வேகமும் அதிகம். ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும். அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல.

தீர்ப்பு நின்றால் என்ன கெட்டுப்போகும்? மொபெட் வழக்கில் நிறையக் கெட்டுப்போகும். பி.என்.எஸ். 303(2)-ன்படி திருட்டுக்கு முதல் முறை மூன்று ஆண்டு வரை தண்டனை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் குறைந்தது ஓராண்டு கடுங்காவல், ஐந்தாண்டு வரை போகலாம், அபராதமும் உண்டு. மருந்து நின்றால் இதே பையன் இன்னொரு வண்டியை எடுக்க மாட்டான் என்று எந்த அம்மாவால் உறுதி சொல்ல முடியும்? அன்றைக்கு அவன் நோயாளியாகப் போய் நிற்க மாட்டான், ‘பழைய குற்றவாளி’யாக நிற்பான். ‘இருந்த நாளோடு கழிஞ்சுபோச்சு, விட்டுடலாம்’ என்று திருட்டு வழக்குகளில் நான் சொல்லாததற்கு இதுதான் காரணம். பாஸ்போர்ட் பற்றித்தான் பலர் முதலில் பயப்படுகிறார்கள். அந்தத் தடையோ ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டு ஆண்டுக்குக் குறையாத தண்டனை என்றால்தான், அதுவும் தண்டனைத் தேதியிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குத்தான். பயப்பட வேண்டியது அடுத்த கைதுக்கு.

ஆகவே சீராய்வு மனு. ரிவிஷன் என்றால்தான் கோர்ட் வளாகத்தில் எல்லாருக்கும் புரியும். பி.என்.எஸ்.எஸ். பிரிவு 438. கீழ்க்கோர்ட் தீர்ப்பு சரியானதா, சட்டப்படியானதா, நடைமுறை ஒழுங்காக நடந்ததா என்று மேல்கோர்ட் கட்டை வரவழைத்துப் பார்க்கும். ஒப்புதல் அப்பீலைத் தடுத்ததுபோல் இதைத் தடுப்பதில்லை. கேள்வியே நடைமுறையைப் பற்றியது என்பதால் நம் வழக்குக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை.

எப்படி என்று மொபெட்டை வைத்தே பார்க்கலாம். வண்டியின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் பி.என்.எஸ்.எஸ். 283-ன்படி அது சுருக்கமுறை விசாரணை. சுருக்கமுறை என்றால் சம்மன் வழக்கு நடைமுறை, அதாவது சின்ன வழக்குகளுக்கான எளிய நடைமுறை. அந்த நடைமுறையில், ஒப்புக்கொள்கிறவர் சொன்னதைக் கூடியமட்டும் அவருடைய சொற்களிலேயே பதிவு செய்ய வேண்டும் என்று பிரிவு 275 கட்டளையிடுகிறது. இது வெறும் சடங்கு இல்லை, நீதி சரியாக நடக்க வேண்டும் என்பதற்கான சாரமுள்ள விதி என்று உச்ச நீதிமன்றம் மெட்ராஸ் மாநிலத்திலிருந்து போன ஒரு வழக்கிலேயே சொல்லியிருக்கிறது: மஹந்த் கௌசல்யா தாஸ் எதிர் மெட்ராஸ் மாநிலம், 1966-ஆம் ஆண்டுத் தொகுப்புகளில் வெளியானது. ‘அவங்க எடுத்துட்டு வரச் சொன்னாங்க’ என்ற வார்த்தை கட்டில் இல்லை என்பதே நமக்கு முதல் ஆயுதம். அந்த வார்த்தை அங்கே எழுதப்பட்டிருந்தால் எந்த மாஜிஸ்திரேட்டும் அதைப் படித்துவிட்டுத் தண்டனை எழுதியிருக்க மாட்டார்.

இரண்டாவது ஆயுதம் மருத்துவக் காகிதம். கூடுதல் சாட்சியத்தை ஏற்க அப்பீல் கோர்ட்டுக்குப் பிரிவு 432 தரும் அதிகாரம் ரிவிஷன் கோர்ட்டுக்கும் உண்டு. எதைக் கொண்டுபோவது? இன்றைக்கு ஒரு டாக்டரைப் பார்த்து, ‘மூன்று மாதத்துக்கு முன் இவர் தெளிவாக இருந்திருக்க வாய்ப்பில்லை’ என்று வாங்கும் சான்றிதழைவிட, அந்த நாட்களிலேயே எழுதப்பட்ட காகிதத்துக்கு எடை அதிகம். சிறைக்குள் போனபோது செய்த மருத்துவப் பரிசோதனைக் குறிப்பு, சிறை மருத்துவமனையில் கொடுத்த மாத்திரைகளின் பதிவு, முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரி, எந்தத் தேதியோடு மருந்து வாங்குவது நின்றது என்று காட்டும் ஓ.பி. சீட்டு, இவைதான் பேசும். கசங்கி, மடிப்பில் கிழிந்து, மஞ்சள் கறை படிந்த சீட்டை அம்மாக்கள் வெட்கப்பட்டுக்கொண்டு நீட்டுவார்கள். அதிலிருக்கும் தேதி முத்திரை போதும், எனக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமையை மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 25-வது பிரிவு நோயாளிக்குத் தருகிறது. நாம் காட்டும் சான்றை அரசுத் தரப்பு மறுத்தால், கோர்ட் அதை மனநல மறுஆய்வு வாரியத்தின் கருத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 105-வது பிரிவு சொல்கிறது. நாட்கள் இழுக்கும்தான், ஆனால் டாக்டர் சீட்டை ‘வீட்டார் ஜோடித்தது’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது.

ரிவிஷனை எங்கே போடுவது என்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். செஷன்ஸ் கோர்ட்டிலும் போடலாம், ஹைகோர்ட்டிலும் போடலாம். சென்னையில் இரண்டும் பாரிமுனையில் ஒரே வளாகத்துக்குள் இருப்பதால், ‘பெரிய கோர்ட்டுக்கே போயிடலாம்’ என்று தோன்றும். ஆனால் ஓரிடத்தில் போட்டுத் தோற்றவர் இன்னொரு இடத்தில் இரண்டாவது ரிவிஷன் போட முடியாது. என் தேர்வு பெரும்பாலும் செஷன்ஸ் கோர்ட்தான். அங்கே கட்டை நிதானமாகப் புரட்டிப் பார்ப்பார்கள், மருத்துவக் காகிதங்களை ஏற்பதும் சுலபம். அங்கே தோற்றாலும், அப்பட்டமான அநீதி என்று காட்ட முடிந்தால், அநீதியைத் தடுக்க ஹைகோர்ட்டுக்கு இயல்பாகவே உள்ள உள்ளார்ந்த அதிகாரம் கடைசித் துணையாக மிச்சமிருக்கும். ஒப்புதல் பற்றிய சட்டக் கேள்வி மட்டுமே பிரச்சினை, காகிதத்தில் எந்தத் தகராறும் இல்லை என்றால் நேராக ஹைகோர்ட் போவதில் தவறில்லை.

அந்த உள்ளார்ந்த அதிகாரம் பிரிவு 528, பழைய 482. முதலிலேயே அதைப் பிடிப்பதை நான் ஆதரிப்பதில்லை. ‘ரிவிஷன் இருக்கும்போது இங்கே ஏன் வந்தீர்கள்’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். ரிவிஷன் போகாமல் வேறு வழி பார்க்க வேண்டிய ஒரு வகை உண்டு, பேரம் பேசி முடித்த வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைப் பேசி முடிக்கும் குற்றப் பேரம் என்ற ஏற்பாட்டின்படி, பி.என்.எஸ்.எஸ். 23-வது அத்தியாயத்தின் கீழ் தீர்ப்பு வந்திருந்தால் அதற்கு அப்பீல் இல்லை. உச்ச நீதிமன்றச் சிறப்பு அனுமதி மனு, ஹைகோர்ட் ரிட் மட்டுமே என்று சட்டமே சொல்கிறது. நம் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் நடப்பது பெரும்பாலும் அந்த முறையான பேரம் இல்லை, ‘ஒத்துக்கோ, போயிடலாம்’ வகைதான். சான்று நகலைப் பார்த்து எது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

காலக்கெடு: அப்பீல் செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள். ரிவிஷன் 90 நாள். சான்று நகல் கிடைக்க ஆன நாட்கள் கழிக்கப்படும். தாமதமானால் மன்னிப்பு மனு போடலாம். மனநோயையே அதற்குக் காரணமாகக் காட்டலாம். ஆனால் முதல் வேலை காப்பி அப்ளிகேஷன். தீர்ப்பு மட்டும் போதாது, ஒப்புதல் பதிவான அன்றைய குறிப்பும் சேர்த்துக் கேளுங்கள். ஆள் இன்னும் புழலில் இருந்தால் ரிவிஷனோடு தண்டனை நிறுத்திவைப்பு மனுவும் போக வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி 15100. சிறையில் இருப்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, மனநோயும் மாற்றுத்திறன் பட்டியலில் இருக்கிறது.

ரிவிஷனில் ஜெயித்தால் என்ன ஆகும் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். விடுதலை இல்லை, பெரும்பாலும் மறுவிசாரணை. வழக்கு ஆரம்பித்த இடத்துக்கே திரும்பும். சுருக்கமுறை விசாரணையில் அதிகபட்சம் மூன்று மாதத் தண்டனைதான், உள்ளே இருந்த நாட்களும் அதில் கழியும். ஆகவே மொபெட் பையனுக்கு இதில் இழப்பதற்கு அதிகம் இல்லை. ஆனால் கொடுங்காயம், வீட்டை உடைத்துத் திருட்டு மாதிரிப் பெரிய வழக்கில், ஒப்புக்கொண்டதால் குறைவான தண்டனை கிடைத்திருந்தால் கணக்கு மாறும். திரும்ப நடக்கும் விசாரணை அதைவிடக் கூடுதலாகவும் முடியலாம். அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு தடவைக்கு இரண்டு தடவை பேசாமல் நான் மனுவில் கையெழுத்து வாங்க மாட்டேன்.

அதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. ‘தன் தரப்பை நடத்தச் சக்தி இல்லாதவர்’ என்று கோர்ட் பதிவு செய்துவிட்டால் விசாரணை நின்றுபோகும். நின்ற வழக்கை யாரும் தொடரவில்லை என்றால் மனிதர் காவலிலேயே மறக்கப்படுவார். அசாமில் மச்சாங் லாலுங் என்பவர் 1951-ல் கைதாகி, விசாரணையே நடக்காமல் மனநலக் காப்பகத்திலும் சிறையிலுமாக 54 ஆண்டுகள் கழித்து 2005-ல்தான் வெளியே வந்தார். இன்றைய சட்டத்தில் அதற்குத் தடுப்புகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டிய அவசியம் இல்லை, ஒழுங்காக ஓ.பி.க்கு அழைத்துப்போகிறோம், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று உறவினரோ நண்பரோ உறுதி கொடுத்தால், ஜாமீன் தரக்கூடாத குற்றமாக இருந்தாலும் 369-ன் கீழ் ஜாமீனில் விடலாம். அந்த உறுதியைக் கொடுக்க ஒரு ஆள் தயாராக இல்லாத வீட்டில் இந்த வழியைத் தொடங்கவே கூடாது என்பது என் திடமான எண்ணம்.

விட்டுவிடச் சொல்லும் வழக்குகளும் உண்டு. சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 75-வது பிரிவு, பொது இடத்தில் சத்தம் போட்டது, சின்ன அபராதம், கட்டியாயிற்று. இதற்கு ரிவிஷன் என்று பல வாய்தாவுக்கு ஒரு நோயாளியை அழைத்துக்கொண்டு அலைவது அவரை இன்னும் படுத்தும். அந்தச் சக்தியை மருந்து நிற்காமல் பார்ப்பதில் செலவிடலாம். அதே 75 திரும்பத் திரும்பப் போடப்படுகிறது என்றால் மட்டும், ஓ.பி. சீட்டின் நகலையும் மாற்றுத்திறனாளி அட்டையின் நகலையும் ஒரு கடிதத்தோடு ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன். அடுத்த தடவை மாஜிஸ்திரேட் முன்னால் நிற்கும்போது, ‘போலீசுக்கு இது முன்பே தெரியும்’ என்று காட்ட அந்த ரசீது உதவும். 368 மனுவை அன்றைக்கே, ஒப்புதலுக்கு முன்பாகவே போட்டுவிடலாம்.